நுணலின் வாய்

ஐப்பசியின் முதல் பெருமழை ஓய்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். திருமுக்கூடலில் மின்சாரம் இன்னும் வரவில்லை. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலைத் தாண்டி, டார்ச்சை அணைத்துவிட்டு, பாலாற்றுப் பக்கம் நடந்தேன். எதிர்க்கரையில் பழைய சீவரத்து மலை கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால்தான் ஊருக்கு முக்கூடல் என்று பெயர். அன்று மூன்று ஆறுகளின் சத்தமும் என் காதுக்கு எட்டவில்லை. கரை முழுக்கத் தவளைகளின் குரல்தான் நிரம்பியிருந்தது.

முதலில் அது ஒரே இரைச்சலாகத்தான் விழும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் இழை இழையாகப் பிரியும். தூரத்து வயலில் அடித்தொண்டையில் கத்துவது பெரிய வயல் தவளை. மழைக்கு மறுநாள் காலையில் உடம்பெல்லாம் மஞ்சளாகி நிற்கும் ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். வேலிப் பக்கமிருந்து கட்டையைத் தட்டுவது போல விட்டுவிட்டு வருவது மரத்தவளை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுக் கேட்டால், காலடியில், தரைமட்டத்தில், எண்ண முடியாத அளவுக்குச் சின்னக் குரல்கள். ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்... ஒவ்வொன்றும் ஒரு நொடிகூட நீடிக்காது. ஒன்று முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அப்பால் மூன்றாவது. ஏதோ பூச்சி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான மூத்த நெசவாளர் ஒருவர் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழிக்குள் ஊற்றெடுத்துவிட்டால் அவருக்கு வேலை நின்றுவிடும். குழித்தறியில் நெசவாளர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுத்தான் மிதிக்க வேண்டும். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பட்டு நெய்ய முடியாது. அப்படி வேலை நின்ற ஓர் இரவில், செல்பேசியில் நான் பதிந்துவைத்திருந்த குரலை அவரிடம் போட்டுக் காட்டினேன். ஒருமுறை கேட்டார். பிறகு எழுந்துபோய்த் தறியின் அச்சில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"இதுதானே தம்பி?"

அதேதான். அச்சின் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொடுக்குகின்றன. சொடுக்குகள் மிக நெருக்கமாக வருவதால் நம் காது அவற்றை ஒரே குரலாகச் சேர்த்துவிடுகிறது. இந்தத் தவளையின் குரலும் அப்படிக் கட்டப்பட்டதுதான்: மிகக் குறுகிய துடிப்புகள் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு சிறு உருட்டல். வட அமெரிக்காவில் கட்டைவிரல் நுனியளவுள்ள ஒரு தவளைக் கூட்டத்துக்குப் 'பாட்டுக்குழுத் தவளைகள்' என்றே பெயர். பனி உருகும் காலத்தில் குட்டைகளில் கூடிக் கத்துகிற அவற்றின் குரலை, சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டுவது போல என்று அந்த ஊர்க் கையேடுகள் சொல்கின்றன. அவை வேறு குடும்பம், நம்முடையது வேறு குடும்பம். ஆனால் உடம்பு சிறியது, தண்ணீர் கொஞ்ச நாளே நிற்கும், இருட்டு, போட்டி என்று தேவைகள் ஒன்றானபோது குரலும் ஒன்றுபோல் அமைந்துவிட்டது. ஆசியாவில் உள்ள நம் தவளையின் உறவினங்கள் பலவற்றுக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பாட்டுக்குழுப் பெயரே வழங்குகிறது.

குரலைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடுவது எளிதாக இல்லை. டார்ச்சைப் போட்டதும் இரண்டடிச் சுற்றில் எல்லாம் அடங்கிவிடும். அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் ஓரத்தில் ஒன்று தயங்கித் தொடங்கும், பிறகு நடுவில். மூன்றாவது முயற்சியில், மாட்டின் குளம்பு பதிந்து தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தின் விளிம்பில் அதைப் பார்த்தேன். பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் உடம்பு. முதுகு செங்கல்லைத் தண்ணீரில் நனைத்த நிறம். மூக்கிலிருந்து விலா வழியாக ஒரு கரிய பட்டை. தலை சிறுத்து, உடம்பு பருத்து, முக்கோணத்தின் முனையில் வாயை வைத்தது போன்ற தோற்றம். வாய் அவ்வளவு குறுகல். எறும்பும் கரையானும்தான் அதற்குச் சாப்பாடு என்பதால் அகன்ற வாய்க்குத் தேவை இருக்கவில்லை. தொண்டை மட்டும் கறுத்திருந்தது; ஆண் என்பதற்கு அதுவே அடையாளம். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. செவிப்பறை தோலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. கேட்பதையும் கேட்கவைப்பதையும் நம்பியே தலைமுறையைக் கடத்துகிற ஒரு பிராணிக்கு வெளியே தெரிகிற காது கிடையாது.

இதன் அறிவியல் பெயர் மைக்ரோஹைலா ரூப்ரா. மைக்ரோ என்றால் கிரேக்கத்தில் சிறியது, ரூப்ரா என்றால் லத்தீனில் சிவப்பு. செங்குறுவாய்த் தவளை என்று நான் எழுதுவேன். பெயர் சூட்டியவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை வந்து, பின்னர் நெல்லூரிலும் வேலை பார்த்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போகப் பறவை, பாம்பு, மீன், எறும்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் விவரித்துவைத்தார். ஆந்திரத்தின் கடப்பைப் பக்கம் 1986-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு எல்லோரையும் வியக்கவைத்த அரிய பறவை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வங்காள ஆசியக் கழகத்தின் 1853-ஆம் ஆண்டுக்கான இதழ்த் தொகுதியில் தென்னிந்திய ஊர்வனவற்றையும் தவளைகளையும் பட்டியலிட்டபோது இந்தச் சின்னத் தவளைக்கும் சில வரிகள் ஒதுக்கினார். எங்கே கிடைக்கும் என்பதற்கு அவர் எழுதிய குறிப்பு மிகச் சுருக்கம்: கர்நாடகச் சீமையில், ஆறுகளை ஒட்டிய மணற்கரைகளில். அன்றைக்குக் கர்நாடகம் என்று ஆங்கிலேயர் சொன்னது இன்றைய மாநிலத்தை அல்ல. நெல்லூரிலிருந்து தெற்கே, ஆற்காட்டு நவாபின் ஆட்சி பரவியிருந்த கிழக்குச் சமவெளியை. பாலாறு அதன் நடுவில் ஓடுகிறது.

ஒரு விலங்கை அறிவியல் முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தில் 'மணல்' என்ற சொல் இருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். ஜெர்டனுக்கு முன்பே அதைக் கவனித்தவர்களும் உண்டு.

தமிழில் தவளை, தேரை, நுணல் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. தேரை என்பதைச் சொரசொரத்த தோலுடையதற்கும், சுவரிடுக்கில் பதுங்குகிற சின்னதற்கும், கிணற்றுப் பொந்தில் இருப்பதற்கும் ஊருக்கு ஊர் மாற்றி மாற்றி வழங்குகிறோம். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், சுனையில் இருக்கும் தேரையின் குரல் தட்டைப்பறை என்னும் கருவியின் ஒலியோடு ஒப்பிடப்படுகிறது. தட்டை என்பது தினைப்புனத்தில் கிளி விரட்ட மூங்கிலைப் பிளந்து செய்தது. அடித்தால் படபடவென்று தெறிக்கும். நெசவாளர் கையை அச்சுக்குக் கொண்டுபோன அதே காதுதான் அந்தப் புலவருக்கும் இருந்திருக்கிறது. அவர் கேட்டது அகன்ற வாயுள்ள தேரை. அதனால் நம்முடைய குறுவாயனை அவர் கணக்கில் எழுதிவைக்க எனக்கு மனமில்லை.

நுணல் கதை வேறு. நுணல் தன் வாயால் தானே கெட்டுப்போகும் என்று அளவுக்கு மீறிப் பேசுகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறோம். அதை நமக்கு எழுத்தில் கொண்டுவந்து சேர்த்தது பழமொழி நானூறு. ஆசிரியர் முன்றுறை அரையனார். அங்கே பழமொழியோடு ஒரு செய்தியும் இருக்கிறது, பேச்சு வழக்கில் நாம் உதிர்த்துவிட்ட செய்தி: அந்த நுணல் மணலுக்குள் முழுகி மறைந்து கிடப்பது. எந்த இனத்தை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்று இன்றைக்கு அடையாளம் காட்ட முடியாது. மணலில் புதையும் தவளைகள் நம் சமவெளியில் இன்னும் சில உண்டு, அவற்றில் சில இதைவிடப் பருத்தவை. ஆனாலும் ஆற்றுமணலில் கிடந்து, மழைக்கு வெளியே வந்து, வாயால் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஒரு சின்ன உயிரை உற்றுப் பார்த்தவர்தான் அந்த உவமையைச் செய்திருக்க முடியும். உவமையில் உள்ள உயிரியல் முழுக்கச் சரி. அது எடுத்துச்சொல்லும் முடிவோடுதான் எனக்கு வழக்கு.

வாயால் கெடுமா என்றால், கெடும். பனாமாவில் தவளை தின்னும் வௌவால் ஒன்று, ஆண் தவளையின் குரலைக் கேட்டே வந்து தூக்கிச் செல்வதை மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரையனும் 1981-ல் காட்டினார்கள். நம் ஊரிலும் இதற்குச் சமமான ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்துவும் ஜெர்மானிய அறிஞர் நொய்வைலரும் 1980-களில் பெரிய காது கொண்ட பொய் ரத்தக்காட்டேரி வௌவாலை வைத்துச் சோதித்தார்கள். கோயில் மண்டபங்களிலும் குகைகளிலும் தொங்கும் அதே வௌவால்தான். தரையில் அசையாமல் இருந்த தவளையை அது கண்டுகொள்ளவில்லை. துள்ளியபோது எழும் சத்தத்தைக் கேட்டுத்தான் பாய்ந்தது. ஆக, இருட்டில் ஓசை எழுப்புவதே ஆபத்து. நான் டார்ச்சைப் போட்டதும் அத்தனை குரலும் ஒரே நொடியில் அடங்கியதற்குப் பின்னால் எத்தனையோ தலைமுறை அச்சம் இருக்கிறது.

பிறகு ஏன் கத்த வேண்டும்? ஆண் தவளை கத்தும்போது உடம்பில் நடப்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்கிறது. விலாத் தசைகள் சுருங்கி நுரையீரலில் உள்ள காற்றைக் குரல்வளை வழியாகத் தள்ளுகின்றன. காற்று வெளியே போகாமல் தொண்டைப் பைக்குள் போய் அதை உப்பவைக்கிறது. பை சுருங்கியதும் அதே காற்று திரும்ப நுரையீரலுக்கு வருகிறது. ஒரு மூச்சுக் காற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது என்று சொல்லலாம். உப்பிய பை ஒலியைச் சுற்றுக்காற்றில் பரப்பிவிடுகிறது. குறுவாயனின் தொண்டைப் பை உப்பும்போது பக்கவாட்டில் பார்த்தால் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு தவளை வாழ்நாளில் செய்கிற வேலைகளில் இதைவிடக் களைப்பூட்டுவது அநேகமாக எதுவும் இல்லை. இரை தேடாமல், மணிக்கணக்கில், சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கத்துகிறது. ஒரு பருவத்தில் அதற்குக் கிடைப்பது மழை நன்றாகப் பெய்த சில இரவுகள். அவ்வளவுதான் காலம்.

ஒரே இடத்தில் இத்தனை பேர் சேர்ந்து கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? இரண்டு ஆண்களை மட்டும் தனியாக வைத்துக் கேட்டால் இதற்கான விடையில் பாதி கிடைக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்துவதில்லை. ஒருவன் நிறுத்தும் சந்தில் இன்னொருவன் நுழைகிறான். கூட்டம் பெருகும்போது ஒவ்வொருவனும் தன் பக்கத்திலிருக்கும் இரண்டு மூன்று பேரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறான், மற்றவர்களை விட்டுவிடுகிறான். நான் ஆற்றங்கரையில் கேட்ட அலையடிப்பு அதிலிருந்து பிறந்தது. யாரும் தாளம் போட்டு நடத்தவில்லை. விடையின் மற்றப் பாதி பெண்ணின் உடம்பில் இருக்கிறது. அமெரிக்கப் பச்சை மரத்தவளை ஒன்றில் நார்மன் லீ, மார்க் பீ ஆகியோரின் குழு 2021-ல் கண்டது இது: காற்று நிரம்பிய நுரையீரல் அதிரும்போது, அந்த அதிர்வு உள்வழியாகச் செவிப்பறைக்குப் போய், பிற இனத் தவளைகளின் குரல் விழும் சுருதிகளில் மட்டும் காதின் கூர்மையைக் குறைக்கிறது. சொந்த இனத்தின் குரல் பாதிக்கப்படுவதில்லை. இரைச்சலை வடிகட்டும் கருவியைச் சுவாசப் பையே செய்கிறது! நம் குறுவாயனிடம் யாராவது இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குரல் இனத்தைப் பிரிக்கிறது என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே சாட்சி இருக்கிறது. இலங்கையின் தாழ்நிலங்களில் வாழும் செங்குறுவாயனையும் நீண்ட காலம் ரூப்ரா என்றே எண்ணிவந்தார்கள். 2016-ல் இலங்கை, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணு, உடலளவு, குரல் மூன்றையும் ஒப்பிட்டு, அது தனி இனம் என்று நிறுவினார்கள். அனுராதபுரத்துக்கு அருகிலுள்ள மிகிந்தலையின் பெயரால் அது இன்று மைக்ரோஹைலா மிகிந்தலை. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை நடந்து கடக்கும் நிலமாக இருந்தது. ஆனாலும் இரண்டு கரைத் தவளைகளும் தனித்தனி இனங்களாகவே பிரிந்து நிற்கின்றன. மூன்று ஆண்டு கழித்து, 2019-ல், தில்லிப் பல்கலைக்கழகத்தின் சோனாலி கார்க், எஸ்.டி. பிஜு ஆகியோரின் குழு தெற்காசியக் குறுவாயர்கள் அனைத்தையும் திருப்பிப் பார்த்து இன்னும் சில புதிய இனங்களைப் பிரித்தது. கையளவுகூட இல்லாத உயிர்களுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாகிறது.

இனி மணலுக்கு வருவோம்.

விடியற்காலையில் ஒன்று புதைவதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. ஈரமணலில் உட்கார்ந்திருந்தது. தலை அசையவில்லை, கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் மட்டும் மாறி மாறிப் பக்கவாட்டில் மணலைத் தள்ளின. பாதத்தின் அடியில், குதிகால் பக்கம், மண்வெட்டித் தகடு போல இரண்டு தடித்த புடைப்புகள் இருக்கின்றன, அவைதான் கருவி. பின்பக்கம் முதலில் இறங்குகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் உடம்பு கொஞ்சம் திரும்பித் திருகாணி போலக் கீழே போகிறது. இடுப்பு போயிற்று, முதுகு போயிற்று. கடைசியில் மூக்குநுனியும் இரண்டு கண்களும் மணல்மட்டத்தில் நின்றன. கண் மூடிற்று. மேலிருந்து நாலு மணல் சரிந்து விழுந்தது. அந்த இடத்தில் ஒரு தவளை இருக்கிறது என்று சொன்னால் பக்கத்தில் நின்றவரும் நம்பமாட்டார்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுக்கும் தொடைக்கும் இடையே உள்ள மெல்லிய தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. புதைந்து கிடக்கும்போது அந்தத் தோல் ஈரமணலில் அழுந்தியிருக்கிறது. களிமண்ணிலும் ஈரம் உண்டு, ஆனால் களிமண் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது. வற்றினால் கல்லாக இறுகி வெடிக்கும். ஆற்றுமணலின் பருமணிகள் ஈரத்தைத் தளர்வாகப் பிடித்துவைக்கின்றன, தேவைப்படுபவருக்குக் கொடுக்கின்றன. 3 சென்டிமீட்டர் உடம்பால் தோண்டக்கூடிய மண்ணும் அதுதான். மேல்மணல் சித்திரை வெயிலில் காலைச் சுடும். அதற்குக் கீழே கை வைத்தால் ஈரம் தெரியும். ஈரம் இறங்க இறங்கத் தவளையும் இறங்கும்.

பாலாற்றங்கரை மக்களும் இதே கணக்கில்தான் வாழ்ந்தார்கள். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் கடந்து வயலூர் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் 348 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மட்டும் 222. ஆண்டின் பெரும்பகுதி இதில் மேலே தண்ணீர் ஓடாது. அதைப் பார்த்து வறண்ட ஆறு என்று சொல்லிவிடுகிறோம். ஆறு மணலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பினார்கள். ஆற்றுமணலில் ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுபோனார்கள். சற்றுத் தெற்கே உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவையே குறிப்பிடுகிறது. திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றை விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருபவர், பணிப்பெண்கள், சேமித்துவைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த நோயாளிகளுக்குக் குடிக்கவும் மருந்து காய்ச்சவும் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று அந்தச் சுவர் அருகில் நிற்கும்போதெல்லாம் நான் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பேன். தவளையின் வயிற்றுத் தோலும் ஊரார் குடமும் ஒரே ஊற்றிலிருந்துதான் நீர் எடுத்தன.

மழை இரவின் மறுநாள் காலை அதே குளம்புப் பள்ளத்துக்குப் போனேன். ஆண்கள் இல்லை. தண்ணீர் மேல் மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருந்தது. பாலாடை போல என்று முதலில் தோன்றியது. குனிந்து பார்த்தால் ஏடு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கடுகைவிடச் சிறியவை, ஒன்றன்மேல் ஒன்று இல்லாமல் ஒரே அடுக்காகப் பரவிய சில நூறு முட்டைகள். வெதுவெதுப்பான தேங்குநீரில் ஆழத்துக்குப் போனால் மூச்சுக்காற்று குறைவு. மேற்பரப்பில் ஒற்றை அடுக்காக மிதந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் காற்று கிடைக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும்.

தலைப்பிரட்டையைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு முதலில் தெரிந்தது அதன் இரண்டு கண்கள்தான். உடம்பு கண்ணாடி. குடல் சுருளும் தெரிகிறது, இதயம் துடிப்பதும் தெரிகிறது. வால் நுனி மெல்லிய நூலாக நீண்டு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தால்தான் நீரின் நடுவில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிறது. மற்றத் தவளைகளின் பிரட்டைகள் கொம்புப் பற்களால் பாசியைச் சுரண்டித் தின்னும். இதற்குப் பல்லும் இல்லை, அலகும் இல்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டிக்கொண்டு, மீதியை வெளியே விடுகிறது. பள்ளம் காய்வதற்குள் கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறிவிட வேண்டும். சில வாரங்களே உண்டு. மழை இடையில் பத்து நாள் பொய்த்தால் பள்ளத்தின் அடியில் கறுப்புக் கறையாக ஒட்டிக் காய்ந்துபோகும். அதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரே இரவில் அத்தனை குரல், ஒரே இரவில் அத்தனை முட்டை. பத்துப் பள்ளத்தில் ஒன்று தப்பினால் போதும் என்கிற கணக்கு அது. வாய் இந்த உயிரைக் கெடுக்கவில்லை. இத்தனை காலம் காப்பாற்றிவந்ததே அந்த வாய்தான்.

ஆற்றில் மாடு மேய்க்கும் ஒரு ஆயாவிடம் பேச்சுக்கொடுத்தேன். அவர் தன் கைத்தடியைத் தரையில் குத்திக் காட்டினார். "முன்ன இங்க நடந்தா முழங்கால் வரைக்கும் பொதையும் கண்ணு. மாடுகூட நடக்க கஷ்டப்படும். இப்ப பாரு." தடி 'டக்' என்று நின்றது. மேலே விரலளவு மணல், கீழே களி. சீமைக்கருவேலம் ஆற்றின் நடுவிலேயே வேர்பிடித்து நிற்கிறது. ஒரு தலைமுறைக் காலமாகப் பாலாற்று மணல் லாரிகளில் ஏறிக் கட்டடங்களாகிவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டின் சுவரிலும் அது இருக்கும். மணல் போனதும் அதற்குள் ஓடிய ஆறும் போயிற்று, ஊற்றுக்கால்கள் தூர்ந்தன. வேகவதி காஞ்சி நகரத்தின் கழிவுநீரையும் சுமந்துகொண்டுதான் இன்று இங்கே வந்து சேர்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இரு கரையிலும் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விட்டது. தேக்கிப் பிடிக்கும் மணல் பல இடங்களில் இல்லை.

உலக அளவில் மதிப்பிடப்பட்ட நீர்நில வாழ்வனவற்றில் 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. நம் செங்குறுவாயன் அந்தக் கணக்கில் வராது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை குறைந்த இனம். இந்தியச் சமவெளியில் பரவலாக இருப்பதால் அந்த மதிப்பீடு சரியானதுதான். ஓர் இனம் பரவலாக இருப்பது ஓர் ஆற்றில் அது நிலைத்திருப்பதற்கு உறுதி ஆகாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பட்டியல்கள் இனத்தை எண்ணுகின்றன. எனக்குத் தெரிந்தது இந்த மூன்று ஆறு கூடும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கரை.

அந்த ஐப்பசி இரவில் குரல் மிக அதிகமாக வந்த இடம் எது தெரியுமா? மணல் அள்ளிய பழைய பள்ளம் ஒன்று. இரண்டு ஆள் ஆழம், அடியில் களி, அதில் மழைநீர் முழங்கால் அளவு நின்றது. விளிம்பைச் சுற்றிலும் ட்ர்ர்ர், ட்ர்ர்ர் என்று இடைவெளியே இல்லை. கேட்டவுடன் மனம் குளிர்ந்தது உண்மை. பத்து நிமிடம் கழித்துத்தான் பள்ளத்தின் சுவரைப் பார்த்தேன். செங்குத்தாக வெட்டிய களிமண். முட்டையிடத் தண்ணீர் இருக்கிறது. தை பிறந்து, மாசி போய், பங்குனியில் தண்ணீர் வற்றும்போது இறங்கிப் புதைய மணல் எங்கே?

தெற்குக் கரையில், கோயில் பக்கமாக, யாரும் அள்ளாமல் விட்ட ஒரு திட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. நீளத்தில் ஐம்பதடி இருக்கும். பங்குனிக் கடைசியில் போய் அங்கே மண்டியிட்டு மணலை விலக்கிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் தட்டியது. இன்னும் நாலு விரல் போனதும் செங்கல் நிற முதுகு ஒன்று தெரிந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தது; பின்னங்கால்கள் உடனே வேலையைத் தொடங்கின. மணலைப் பழையபடி மூடி, மேலே கையால் நிரவிவிட்டு எழுந்தேன்.